மேலால் அள்ளிய தண்ணீர்

யூலை 14

ஊரித்தீவு. நீளம் இரண்டரைக் கிலோமீற்றர். அகலம், மிக அகன்ற இடத்தில், தொள்ளாயிரம் மீற்றர். மிக உயர்ந்த இடம் கடல் மட்டத்திலிருந்து பத்தடி, அதன்மேல் தேவாலயம். ஆறு இல்லை. குளம் என்று சொல்லப்படுவது இப்போது வெடித்த சேறு. நாற்பத்து மூன்று வீடுகள். பத்தொன்பது கிணறுகள். குடிக்கக்கூடியவை ஐந்து.

இவ்வளவையும் பல்கலைக்கழகத்தில் இருந்தபோதே எழுதி வைத்திருந்தேன். வரைபடத்தில் இல்லாதது காற்று. வள்ளத்திலிருந்து காலை எடுத்து வைத்ததும் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

தங்குமிடம் செசிலியா அக்கா வீடு. நாற்பது வயதிருக்கும். கணவர் மரியான் அண்ணன் வாரத்தில் ஐந்து நாள் கடலில். என் கருவிப் பெட்டியை அக்கா சுற்றி வந்து பார்த்தார். சாப்பிட ஏதாவது கொண்டுவந்தேனா, இல்லை இரும்பு மட்டுந்தானா என்று கேட்டார்.

யூலை 15

வேலை எளிது. ஐந்து கிணறுகள், காலையும் மாலையும். மானியின் முனையைத் தண்ணீரில் விட்டால் ஓர் எண் வரும். உப்பு கூடினால் எண் கூடும். 750க்குள் நல்ல தண்ணீர். இரண்டாயிரத்தைத் தாண்டினால் மானி தேவையில்லை, நாக்குப் போதும். கடல் ஐம்பதினாயிரம்.

செசிலியா அக்கா வீட்டுக் கிணறு 610. தீவிலேயே நல்லது. பதினொரு வீடுகளும் பள்ளிக்கூடமும் அதில் அள்ளுகின்றன.

இந்தத் தீவின் அடியில் நல்ல தண்ணீர் தேங்கி நிற்கவில்லை, மிதக்கிறது. மழை மணலில் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் ஒரு வில்லையைப்போலப் படுத்திருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால் கீழே நாற்பதடி இருக்கும் என்பது கணக்கு. முதலாமாண்டு மாணவர்களுக்கு நானே அதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன்.

யூலை 21

சோளகம். தென்மேற்கிலிருந்து நிற்காமல் வீசுகிறது. கண்ணாடியில் உப்பு, புத்தகத்தில் உப்பு, தலையணையில் உப்பு. தெற்குப் பக்கத்துப் பூவரசுகளுக்கு ஒரு பக்கம் மட்டும் இலை.

பள்ளிக்கூடத்தில் மழைமானி ஒன்று உண்டு. பதினேழு பிள்ளைகளுக்கும் ஒரே ஆசிரியரான றெஜினோல்ட்தான் அதை எட்டு ஆண்டுகளாகப் பார்த்து எழுதுகிறார். இந்தத் தீவுக்காரர். ஏழு மணிக்கு அளக்கிறார். எட்டரைக்கு அளக்க வேண்டும் என்று சொன்னேன்.

"எட்டரைக்கு எனக்குப் பள்ளிக்கூடம், மிஸ். மழைக்குத்தான் வேலை இல்லை."

அவருடைய ஒன்றும் ஏழும் ஒன்றுபோல இருக்கின்றன. நடக்கும்போது விசிலடிக்கிறார். கிணற்றடியில் நிற்பவருக்கு அது கவனக்குறைவை உண்டாக்கும்.

யூலை 29

இங்கே பெண்கள் வெயில் ஏறுமுன் தண்ணீர் அள்ளுகிறார்கள். பிறகு மூன்று மணிக்குப் பின். இடையில் வாளியையும் கயிற்றையும் கழற்றிப் பூவரசில் மாட்டிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், கிணறு படுத்திருக்குது என்கிறார்கள்.

இன்னொன்று. வாளியை யாரும் உள்ளே முக்குவதில்லை. சரித்துப் பிடித்து, மேல்தண்ணீரை மட்டும் வழித்து எடுக்கிறார்கள். ஒரு வாளிக்கு ஆறேழு தரம். நான் ஒரே இழுப்பில் எடுக்கப் போக, செசிலியா அக்கா கையைப் பிடித்தார்.

"முக்காதேங்கோ மிஸ். மேலால அள்ளுங்கோ."

குறிப்பேட்டில் ‘நம்பிக்கைகள்’ என்ற தலைப்பின்கீழ் எழுதிக்கொண்டேன்.

ஓகஸ்ட் 9

மழை இல்லை. சோளகம். 640.

ஓகஸ்ட் 16

தெற்குக் கரையில் மணல் குறைகிறது, வடமுனையில் கூடுகிறது. வாடைக் காலத்தில் இது மறுபடி தெற்கே வரும் என்கிறார்கள். தீவு பக்கம் மாறிப் படுக்கிறது என்று மரியான் அண்ணன் சொன்னார். ஆண்டுக்கு இருமுறைதானாம். தன் மனைவி ஓர் இரவில் அதைவிடக் கூடப் புரளுவாள் என்றும் சொன்னார். அக்கா அகப்பையை எடுத்தார்.

வடமுனையை அளக்கப் போனேன். றெஜினோல்ட் கூட வந்தார். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒருவர் வேண்டும். அடம்பன் கொடி காலைத் தடுக்கும் இடங்களை அவர் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு போனார். நாற்பத்தொரு மீற்றர். சரிபார்க்க இரண்டாம் தடவையும் அளந்தோம். மூன்றாம் தடவையும்.

ஓகஸ்ட் 27

பேராசிரியர் நீரிறைப்புச் சோதனை ஒன்றும் வேண்டும் என்கிறார். ஆறு மணி நேரம் இயந்திரத்தால் இறைத்து, மட்டம் எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்ப்பது. திருவிழாவுக்கு வைத்திருக்கும் இயந்திரத்தைத் தேவாலயத்தில் தருகிறார்கள்.

வரைபடத்தின்படி செசிலியா அக்கா வீட்டுக் கிணற்றில் நீர்மட்டம் கடலுக்கு மேலே இரண்டடி. ஆகவே கீழே எண்பதடி நல்ல தண்ணீர். ஆறு மணி நேரம் ஒன்றும் செய்யாது.

அக்காவிடம் கேட்டேன். மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தவர் கத்தியைச் சற்று நேரம் நிறுத்தினார்.

"நீங்கள் படிச்சனீங்கள். உங்களுக்குத் தெரியும்தானே."

சம்மதம்.

செப்டெம்பர் 2

சோதனை. காலை பத்து முதல் மாலை நான்கு வரை. கிணறு அந்த நேரத்தில் சும்மாதானே இருக்கிறது. தண்ணீரை வடலிக் காணிக்குள் விட்டோம். பிள்ளைகள் அதில் குளித்தார்கள்.

முதல் மணி: 640.
இரண்டாம் மணி: 655.
மூன்றாம் மணி: 720.
நான்காம் மணி: 980. மின்கலம் பலவீனமாக இருக்கலாம்.
ஐந்தாம் மணி: —
ஆறாம் மணி: —

செப்டெம்பர் 3

மின்கலம் மாற்றினேன். 2,340.

செப்டெம்பர் 4

துணி துவைத்தேன். பையின் அறுந்த வாரைத் தைத்தேன். அலுமினியப் பெட்டிக்கு எண்ணெய் போட்டேன். நான்கு பென்சில்களைச் சீவினேன்.

செசிலியா அக்கா விடியற்காலையில் இரண்டு பிளாஸ்டிக் கான்களோடு தேவாலயப் பக்கம் போனார். அங்கே அவருக்கு ஏதாவது அலுவல் இருக்கும்.

செப்டெம்பர் 6

வாரத்தின் எண்களை றெஜினோல்ட் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுவார். இன்று கேட்டார். நாளைக்குத் தருகிறேன் என்றேன். போனார். விசில் இல்லை.

2,610.

செப்டெம்பர் 7

காலையில் மட்டக்கோலை எடுத்துக்கொண்டு கடற்கரையிலிருந்து கிணறுவரை நானே மட்டம் பார்த்தேன். கடலுக்கு மேலே அரையடி. இரண்டடி அல்ல. வரைபடத்துக்கு அளந்தவர்கள் மாரி முடிந்த தை மாதத்தில் அளந்திருக்கிறார்கள். அது ஓரத்தில் எழுதப்பட்டும் இருக்கிறது. நான் வாசிக்கவில்லை.

எண்பதடி என்று நான் நம்பிய இடத்தில் இருபதடி. ஆறு மணி நேரம் இறைத்து, கீழே கிடந்த உப்பைக் கையைப் பிடித்து மேலே கூட்டி வந்திருக்கிறேன். மேலால் மட்டும் அள்ளுகிற, நடுப்பகலில் கிணற்றைப் படுக்க விடுகிற மனிதர்களின் கிணற்றில்.

பின்னேரம் செசிலியா அக்காவிடம் சொன்னேன். அவர் முற்றத்தில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். திருப்புவதை நிறுத்தவில்லை.

"எனக்கு அண்டைக்குப் பின்னேரமே தெரியும். தேத்தண்ணிக்குப் பால் விட்டன், திரைஞ்சு போச்சு."

"ஏன் அக்கா சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்தன். அஞ்சு நாள் எடுத்திருக்கு."

பிறகு கேட்டேன், இறைக்க வேண்டாம் என்று ஏன் முன்பே தடுக்கவில்லை என்று. அவர் என்னை விளங்காதவளைப்போலப் பார்த்தார்.

"தண்ணி கேட்டு வந்த ஆளுக்கு இஞ்சை ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லுறேல்லை. நீங்கள் கேட்டது கொஞ்சம் கூட. அவ்வளவுதான்."

மற்ற நான்கில் மூன்று ஏற்கெனவே 1,500ஐத் தாண்டிவிட்டன. கோடை முற்றினால் அவை அப்படித்தான். இனித் தேவாலயக் கிணறு ஒன்றுதான் நாற்பத்து மூன்று வீடுகளுக்கும். அதுவும் மாறினால், மழை வரும்வரை எல்லோரும் அக்கரைக்குப் போக வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை போயிருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கென்று போனார்கள். முப்பது வீடுகள் திரும்பி வரவேயில்லை.

றெஜினோல்டிடமும் சொன்னேன். பள்ளிக்கூடத்தை ஒருமுறை பூட்டினால் பிறகு திறக்கமாட்டார்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அவர் முன்னால் நிற்க முடியவில்லை.

செப்டெம்பர் 8

ஞாயிறு. பூசை முடிந்து பெண்கள் வெளியே வந்ததும் சொன்னேன். என் பிழை என்று சொன்னேன். தரையில் குச்சியால் நல்ல தண்ணீரின் வில்லையை வரைந்தும் காட்டினேன். தலைமுக்காட்டை ஒருவர் சரிசெய்தார், பிறகு எல்லோரும் சரிசெய்தார்கள்.

றோசலின் என்றொருவர், செசிலியா அக்கா கிணற்றில் அள்ளிய பதினொரு வீடுகளில் ஒன்று அவருடையது, கடைசியில் வாயைத் திறந்தார்.

"பரவாயில்லை மிஸ். சோத்துக்கு இனி உப்புப் போடுற வேலை மிச்சம்."

சிரித்தார்கள். எல்லோரும் அல்ல.

முடிவு: தேவாலயக் கிணற்றில் வீட்டுக்கு நான்கு வாளி, காலையில் மட்டும். நான் மானியோடு பக்கத்தில் நிற்க வேண்டும். எண் ஏறினால் நிறுத்தச் சொல்ல வேண்டும். 1,500 ஆனால் அக்கரைக்குப் போக வள்ளங்களைக் கூப்பிடுவது.

இது தண்டனையா பதவியா என்று தெரியவில்லை. ஐந்தரைக்கு எழ வேண்டும்.

செப்டெம்பர் 19

தேவாலயக் கிணறு 880. எனக்குக் ‘கிணத்தடி மிஸ்’ என்று பெயர். செசிலியா அக்கா வீட்டுக்கு இரண்டு கான்களையும் நானே தூக்குகிறேன். முதல் வாரம் வழியில் ஏழு தரம் இறக்கி வைத்தேன். இப்போது மூன்று.

முகம் வழிக்கத் தண்ணீரைச் செலவழிப்பதில்லை என்று றெஜினோல்ட் தாடி விட்டிருக்கிறார். பொருந்தவில்லை என்று சொல்ல முடியாது.

செப்டெம்பர் 28

சோளகம் விழுந்துவிட்டது. இரண்டு காற்றுகளுக்கு இடையிலுள்ள நாட்கள். கடல் தட்டுப்போலக் கிடக்கிறது. வெப்பம் 34.6. இத்தனை நாளும் காற்றைத் திட்டியவளின் காது, இப்போது அது இல்லாமல் எதையோ தேடுகிறது. ஆடுகள் விடியற்காலையில் மதிற்கல்லின் ஈரத்தை நக்குகின்றன.

940.

ஒக்டோபர் 6

1,080. மூன்று வாளி.

றோசலின் அக்கா இரண்டு மட்டும் அள்ளினார். கணவர் அக்கரையில், வீட்டில் ஆள் குறைவு. மூன்றாவதைச் செசிலியா அக்காவின் கானில் ஊற்றினார். வேண்டாம் என்றேன்.

"உமக்கில்லை. மீற்றருக்கு. மீற்றர் வைச்சிருக்கிற ஆளுக்கு நாக்கு வறண்டால் எண் பிழைச்சுப்போம்."

ஒக்டோபர் 13

கைபேசிக்கு அலை கிடைப்பது இறங்குதுறையில் மட்டும். பேராசிரியர் பேசினார். இறைப்புச் சோதனை கருவிக் கோளாறால் கைவிடப்பட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும் என்கிறார். என் நன்மைக்காகத்தான் சொல்கிறார்.

அறிக்கையின் ஆறாம் பக்கத்தை எழுதினேன். கருவி பழுதாகவில்லை. நீர்மட்டத்தை ஆய்வாளர் சரிபார்க்கவில்லை. தீவில் தண்ணீர் அள்ளப்படும் முறையை ஆய்வாளர் யூலை 29ஆம் திகதியே கண்டிருந்தும் அதை நம்பிக்கை என்று வகைப்படுத்தினார். அது முறை.

ஒக்டோபர் 21

றெஜினோல்டின் எட்டு ஆண்டு மழைக் குறிப்புக் கொப்பியின்படி முதல் மழை ஒக்டோபர் பன்னிரண்டுக்கும் இருபத்து நான்குக்கும் இடையில். கிழக்கே முகில் கூடுகிறது. தீவைப் பார்த்துவிட்டு, சிறியது என்று நினைக்கிறதோ என்னவோ, கடந்து போகிறது.

1,240. இரண்டு குடும்பங்கள் இன்று அக்கரைக்குப் போயின. மூன்று பிள்ளைகள். றெஜினோல்ட் வரவுப் பதிவேட்டில் பெயர்களை வெட்டிவிட்டாரா என்று பார்க்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வெட்டவில்லை. மூன்று பேருக்கும் ‘வரவில்லை’ என்று மட்டும் போட்டிருந்தார். நாளைக்கு வந்துவிடுவார்கள் என்பதுபோல.

ஒக்டோபர் 27

1,390. இரண்டு வாளி. யாரும் முறையிடவில்லை. முறையிட்டால் நன்றாக இருக்கும்.

ஒக்டோபர் 31

எனக்குத் தந்த காலம் இன்றோடு முடிகிறது. நாளைக்கு வள்ளம் உண்டு. அதன்பிறகு வாடைக் கடல். எப்போது ஓடும் என்று ஓட்டியாலும் சொல்ல முடியாது.

செசிலியா அக்கா கருவாட்டைப் பொதி கட்டி என் பெட்டியின்மேல் வைத்தார்.

றெஜினோல்ட் மழைக் கொப்பியைத் திருப்பி வாங்க வந்தார். வாங்கிய பிறகும் நின்றார். கொப்பியின் ஓரத்தைச் சுருட்டினார், நிமிர்த்தினார்.

"போறதுதான் நல்லது. தண்ணிக்கு ஒரு வாய் குறையும்."

பகிடியாகத்தான் சொன்னார். பகிடியாக வரவில்லை.

1,440.

நவம்பர் 1

வள்ளம் போனது. காலை ஆறு மணிக்குத் தேவாலயக் கிணற்றில் எண் பார்க்க வேறு ஆள் இல்லை. காரணம் அதுதான்.

கான்களோடு வீட்டுக்கு வந்தேன். செசிலியா அக்கா என்னையும் கான்களையும் பார்த்தார். பெட்டியின்மேல் இருந்த பொதியை அவிழ்த்துக் கருவாட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

"கையைக் கழுவாதையும் பிள்ளை, தண்ணி வீண். அப்பிடியே இருந்து சாப்பிடும்."

1,450.

நவம்பர் 3

1,485. பூசைக்குப் பிறகு ஆண்கள் வள்ளங்களைப் பற்றிப் பேசினார்கள். யார் முதலில் போவது, ஆடுகளை என்ன செய்வது. என்னிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. பெண்கள் மட்டும் மானியை எட்டிப் பார்த்தார்கள், அது அவர்களுக்கும் தெரிந்த முகம் என்பதுபோல.

மாலையில் காற்று திரும்பியது. வடகிழக்கு. குளிர். வாடை.

நவம்பர் 4

காலை 1,495. இரண்டு வாளிக்குப் பதில் ஒன்று என்று சொல்ல வாயெடுத்தேன். றோசலின் அக்கா முந்திக்கொண்டார். "விடும். இண்டைக்கு ஒண்டும் வேண்டாம்." அவர் அள்ளாமலே போனார். பின்னால் நின்ற நான்கு பேரும் வெறும் வாளியோடு திரும்பினார்கள்.

பத்தரைக்கு வந்தது. முதலில் வாசனை. பிறகு தகரக் கூரையில், ஒருவர் கைநிறையக் கல்லை எறிந்ததுபோல. பிறகு தீவு தெரியவில்லை.

சட்டி, பானை, அண்டா, குழந்தைகளின் கிண்ணம், தேவாலயத்துப் பூச்சாடிகள். மரியான் அண்ணன் வள்ளத்தின் பாயைக் கழற்றி வந்து நான்கு தடியில் கட்டினார். பதினான்கு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்தார்கள். ஆசிரியர் தடுக்கவில்லை, அவரும் ஓடிவந்தார். செசிலியா அக்கா கூந்தலை அவிழ்த்துவிட்டு முற்றத்தில் நின்றார். வாளி வைக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. நின்றார்.

நான் தேவாலயக் கிணற்றடிக்குப் போனேன். பார்க்க எண் ஒன்றும் இல்லை, ஒரு மழையில் கிணறு மாறாது. ஆனாலும் போனேன். கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். தண்ணீரின் முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாக எழும்பிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அழுதேன் என்று சொல்ல முடியாது. மழையில் அதை அளக்க வழியில்லை.

மழை 71 மில்லிமீற்றர். மழைமானி நிறைந்து வழியப் பார்த்ததால் றெஜினோல்ட் நடுவில் இரண்டு தரம் அளந்து கொட்டினாராம். எழுபத்தொன்றா பதினொன்றா என்று கேட்டேன். அவருடைய எழுத்தில் தெரியாது.

நவம்பர் 5

1,460. மழை.

நவம்பர் 7

1,210. மழை. நான்கு வாளி.

நவம்பர் 8

மழை. பாய் நனைந்துவிட்டது. அடுப்பு பற்றவில்லை. ஒருவரும் குறை சொல்லவில்லை.

நவம்பர் 15

தேவாலயக் கிணறு 790. கடல் கொஞ்சம் இறங்கியதும் ஒரு வள்ளம் வந்தது. போன இரண்டு குடும்பங்களும் திரும்பிவிட்டன. பள்ளிக்கூடத்தில் மறுபடி பதினேழு. அறிக்கையை அதே வள்ளத்தில் அனுப்பினேன், ஆறாம் பக்கத்தோடு. பேராசிரியருக்குத் தனியாக ஒரு கடிதமும்: வாரத்துக்கு ஒருமுறை தொடர்ந்து அளந்தால்தான் இந்தக் கிணறு மீள்வதைப் பதிவுசெய்ய முடியும், அதற்கு ஆய்வாளர் இங்கே இருப்பது அவசியம்.

நவம்பர் 17

மழை விட்ட காலை. செசிலியா அக்கா வீட்டுக் கிணற்றை அளந்தேன். மேலே புதுத்தண்ணீர் நிற்கிறது, ஆனாலும் 2,380. மேலே வந்துவிட்ட உப்பு அவ்வளவு எளிதில் இறங்காது. ஒவ்வொரு மாரியும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தித் தள்ள வேண்டும்.

அக்கா உள்ளே இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார். றெஜினோல்ட் கரும்பலகைக்கு எண் கேட்டு வந்தார். தாடியை வழித்திருந்தார். மானியை எட்டிப் பார்த்தார்.

"இது பழையபடி அறுநூறுக்கு வர எவ்வளவு காலம் எடுக்கும்?"

மனதுக்குள் கணக்குப் போட்டேன். இரண்டு மாரி போதாது.

"மூண்டு வருசம். அதுவரைக்கும் ஆராவது அளந்துகொண்டிருக்க வேணும்."

"மூண்டு வருசம்," என்றார். கெட்ட செய்தி கேட்டவரின் முகம் அல்ல. அதை மறைக்கக் கிணற்றுக்குள் பார்த்தார். நானும் பார்த்தேன். கீழே இரண்டு தலைகள், தண்ணீரில், ஒன்றையொன்று பார்க்காமல்.

நான்காகவும் ஆகலாம் என்றேன். கணக்கில் அதற்கு ஆதாரம் இல்லை.